மோட்டாரைப் பிடித்தவன்

"சட்டையக் கழட்டுலா மச்சான், சாமி கெளம்பிரும்!"

சீனி அவசரப்படுத்தினான். உடையப்பன் கழுத்திலிருந்த கேமராவை இறக்கிவிட்டுச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். பள்ளி விடுமுறையில் வரும் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. தாப்பாவிலிருந்தும் பத்து காஜாவிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கியதில் லயத்து வரிசை வீடுகள் கொள்ளவில்லை.

சீனி படத்துக்குப் போட்டு நிற்கப்போகும் சட்டை உடையப்பனுடையது. கடிகாரம், கறுப்புக் கண்ணாடி, மோட்டார் சைக்கிள் எல்லாமே அவனுடையவைதான்.

"மூஞ்சியாச்சும் சொந்தமாடா?" என்றாள் சீனியிடம் செல்லாயி அக்கா. தோட்டத்தில் பாதிக் கல்யாணம் அவள் முடித்தது. மீதி அவள் கெடுத்தது.

"மூஞ்சியப் பாத்துத்தான் பொண்ணு குடுக்கப் போறாங்க அக்கா."

"போன எடத்துல எல்லாம் மூஞ்சியப் பாத்துட்டுத்தான்டா வேணாம்னாங்க. பீடோரு டவுனு ராமையாதான் கடைசி. இப்ப எடுக்கிற படத்தப் பாத்து அவரு மக சரின்னா வருவாங்க. இல்லன்னா நான் கையக் கழுவிட்டேன்."

உடையப்பன் மோட்டார்ப் பட்டறையில் வேலை செய்தான். கேமரா, ஈப்போவில் பழையதாக வாங்கியது. யாரையும் நிறுத்திவைத்து எடுக்கமாட்டான். குழாயடிச் சண்டை, கள்ளுக்கடை வாசலில் தூங்குகிறவன், பந்தலுக்குப் பின்னால் பீடி இழுக்கிற பூசாரி, இவைதான் அவன் எடுப்பவை. அவன் படங்கள் தோட்டத்தில் யாருக்கும் பிடிக்காது. குளித்துப் பவுடர் போட்ட நேரத்தில் ஒரு நாளும் எடுப்பதில்லை என்று பெண்கள் திட்டினார்கள்.

சீனி பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினான்.

"பொண்ணு. நவமணி. பாருலா, பல்லக் காட்டிக்கிட்டு! ஸ்டூடியோக்காரன் தூங்கிட்டான் போல. எப்படி இருந்தா நமக்கென்ன, மாமனாருக்கு ரெண்டு லோரி."

படத்தில் அந்தப் பெண் எதற்கோ கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். உடையப்பன் படத்தைத் திருப்பிக் கொடுக்கச் சற்று நேரமானது.

"நல்ல படம்," என்றான்.

பிறகு மோட்டாரைப் பந்தல் நிழலுக்குள் தள்ளினான்.

"வெயில்ல வேணாம், கண்ணச் சுருக்குவ. முன்னுக்கு வந்து சாஞ்சு நில்லு. காலத் தூக்கி வையி."

சீனி சாய்ந்தான். மோட்டாரும் சாய்ந்தது. அதன் ஸ்டாண்டு போன மழைக்காலத்திலேயே உடைந்திருந்தது.

"யாராச்சும் பின்னால பிடிக்கணும்லா!"

"நான் பிடிக்கிறேன். கேமரா தானா எடுத்துக்கும்."

பூசாரி பார்க்காத நேரமாகப் பார்த்துக் கேமராவை உண்டியல் மேல் வைத்தான். அங்கிருந்து மோட்டார் வரை ஒரு கயிற்றைப் பிடித்து அளந்தான். கேமராவில் தூரம் வைக்கும் வளையத்தைத் திருகினான். மறுபடியும் அளந்தான்.

"படம் எடுக்கிறியா, சட்ட தைக்கிறியா?"

"தூரம் தப்பினா மூஞ்சி கலங்கிரும் மச்சான்."

"அப்ப நல்லா அள. அப்புறமா படத்துலருந்து உன்ன வெட்டி எடுத்துரு. வெறும் ஒடம்போட நிக்கிற."

"ஆகட்டும்."

பொத்தானைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் மோட்டாரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். இடுப்பில் மஞ்சள் வேட்டி, கையில் தீ மிதிக்கக் கட்டிய காப்பு, நெற்றியில் திருநீறு. கேமரா க்ளிக் என்றது.

"ஈப்போவுல கழுவி நீயே தபால்ல போட்டுரு. எனக்குப் பால்மரம் வெட்டவே நேரம் சரியா இருக்கு," என்றான் சீனி. சட்டையைத் திருப்பித் தரவில்லை.

திருவிழா முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமையா மனைவியோடு வந்தார். செல்லாயி வீட்டு நாற்காலியில் சீனி அதே சட்டையில் உட்கார்ந்திருந்தான். உடையப்பன் சிங்லெட் பனியனோடு வாசலில் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ராமையா நேராக அவனிடம் போனார்.

"மாப்பிள்ள ஏன் வெளிய நிக்கிறீங்க? உள்ள வாங்க."

"ஐயா, அது படம் எடுக்கிற புள்ள. சீனி இங்க இருக்கு," என்றாள் செல்லாயி.

ராமையா சீனியைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தார். மறுபடி சீனியைப் பார்த்தார்.

"இவரா? படத்துல முன்னால ஏதோ பொகையாட்டம் நிக்குது. என் வீட்டுக்காரி பேயின்னு பயந்துட்டா. பின்னால காப்புக் கட்டி, திருநீறு பூசி, கண்ணாடி மாதிரி தெளிவா நிக்கிறவர்தான் சீனின்னு நெனச்சோம். மோட்டாரே விழாமப் பிடிக்கிறவரு, என்னையும் விட மாட்டாருன்னு எம் மக சொல்லிட்டா."

"பேரு உடையப்பன்ங்க," என்றாள் செல்லாயி.

"அதனால என்ன? பத்திரிகைல பேர மாத்திருவோம்."

சீனி செல்லாயியைப் பார்த்தான். செல்லாயி கூரையைப் பார்த்தாள். யார் தாலி கட்டினாலும் தரகுச் சேலை அவளுக்கு வந்துவிடும்.

சீனி வாசலுக்குப் பாய்ந்தான்.

"டேய்! என் மூஞ்சி எப்படிடா கலங்குச்சு?"

"நீ ஆடிட்டலா மச்சான்," என்றான் உடையப்பன். "சட்டையக் கழட்டு, மாமாகூடப் பேசணும்."

அன்று பந்தலில் அவன் இரண்டு தடவை கயிறு பிடித்து அளந்தது, தான் போய் நிற்கப்போகும் இடம் வரைக்கும்தான்.