பக்கத்து நாற்காலி

"நீங்க யாரு?"

செட்டிகுளத்தில் அந்த இழவு வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்த இளவரசனுக்குத் தலை நிமிரவில்லை. மடியில் இருந்த ஹெல்மெட்டை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டான். உள்ளே கிடத்தியிருப்பவர் யாரென்று அவனுக்குத் தெரியாது.

கேட்டது அண்ணாதுரை, இறந்தவரின் மகன். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"யாருமில்லீங்க" என்றான் இளவரசன்.

இழவு வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு இப்படியா பதில் சொல்வார்கள்? தூரத்துச் சொந்தம் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். வேண்டிய நேரத்தில் பொய் வராதது அவனுடைய பழைய வியாதி.

இளவரசன் பெரம்பலூரில் ஒரு மக்காச்சோள மண்டியில் எடை போடுகிறான். முப்பத்தாறு வயதாகிறது, நண்பன் என்று ஒருத்தன் கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனால் யாரைப் பார்த்துச் சிரிப்பது, எவ்வளவு நேரம் சிரிப்பது என்று புரியாமல் வேர்த்துக் கொட்டும். "மரக்கட்டையோட குடும்பம் நடத்த என்னால ஆகாது" என்று மனைவி மலர்கொடி ஜெயங்கொண்டத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஒருநாள் போனில் ஆட்டிசம் பற்றி யாரோ பேசிய வீடியோ வந்தது. சொன்னதெல்லாம் அவனை உரித்து வைத்த மாதிரி இருந்தது. திருச்சிக்குப் போய் ஒரு டாக்டரிடம் கேட்டான்.

"அது சின்னப் புள்ளைங்களுக்குப் பாக்குறது தம்பி. வேலைக்குப் போறீங்க, கல்யாணமும் ஆயிருக்கு. அப்புறம் என்ன?"

இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இழவு வீடுகளுக்குப் போக ஆரம்பித்தது அப்போதுதான். அங்கே யாரும் 'வாங்க' என்று கூப்பிட மாட்டார்கள். கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லவும் கூடாது. சிரிக்க வேண்டாம், பேச வேண்டாம், தரையைப் பார்த்தபடி இருந்துவிட்டுச் சத்தமில்லாமல் எழுந்து போகலாம். வேறு எங்கே இப்படி நடந்துகொண்டாலும் திமிர் பிடித்தவன் என்பார்கள், அங்கே மட்டும் அதற்கு மரியாதை என்று பெயர்.

சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கண்டால் ஊரையும் நேரத்தையும் படித்துக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவான். போஸ்டரிலும் சரி, நேரிலும் சரி, முகம் பார்க்கிற பழக்கம் அவனுக்கு என்றைக்குமே இருந்ததில்லை. மேளம் ஆரம்பித்தால் சத்தம் தாங்காமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அப்படிப் போன இடங்களில் ஒரு பெரியவர் இருப்பார். குரும்பலூரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அப்புறம் வாலிகண்டபுரத்திலும் இருந்தார். பச்சைக் கட்டம் போட்ட துண்டைப் பக்கத்து நாற்காலியில் போட்டு வைத்திருப்பார், இவன் வந்ததும் எடுத்துக்கொள்வார். ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் இளவரசனுக்கு மூச்சு சீராக வரும். இன்றைக்கும் பந்தலில் நுழைந்ததும் அந்தத் துண்டைத்தான் தேடினான். எந்த நாற்காலியிலும் இல்லை.

"யாருமில்லன்னா எதுக்கு வந்த?" அண்ணாதுரை சட்டையைப் பிடித்துவிட்டான். "எங்கப்பா ஊருல ஒருத்தருகிட்டயும் மொகங்குடுத்துப் பேச மாட்டாரு. அவருக்குன்னு ஒரு ஈ காக்கா வரல. நீ மட்டும் காலையிலேருந்து உக்காந்துருக்க. பொம்பளைங்க கழுத்து நகைய நோட்டம் பாக்குறியா?"

பந்தலில் இருந்த நாலைந்து பேரும் எழுந்து வந்தார்கள்.

"எனக்கு... ஆட்டிசம் இருக்குன்னு நெனைக்கிறேங்க" என்றான் இளவரசன். மலர்கொடியிடம்கூடச் சொல்லாதது. "டாக்டரு சொல்லல, நானாத்தான் நெனைக்கிறேன். மனுசங்களோட இருக்கணும்னு எனக்கும் ஆசையா இருக்குங்க. எப்படி இருக்கறதுன்னுதான் தெரியல. இங்கன்னா சும்மா உக்காந்துக்கலாம். அதுக்குத்தான் வரேன்."

"என்னய்யா ஒளர்ற? எந்திரி மொதல்ல!"

இளவரசன் எழுந்தான். நாளைக்கே சுற்றுவட்டாரம் முழுக்கச் சொல்லிவிடுவார்கள், இனி எந்தப் பந்தலிலும் உட்கார முடியாது. இருந்த ஒரே இடமும் போயிற்று.

"வுடுண்ணே அவர!"

உள்ளேயிருந்து வந்த வேணி, அண்ணனின் கையைத் தட்டிவிட்டாள். இளவரசனின் குனிந்த தலையையும், அவன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த ஹெல்மெட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"குரும்பலூர் எழவுக்குப் போயிருந்தீங்களா?"

"ஆமாங்க."

விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வந்தவள், அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் எதையோ மடித்து வைத்தாள்.

பச்சைக் கட்டம் போட்ட துண்டு.

இளவரசன் நாற்காலி முதுகைப் பற்றிக்கொண்டான்.

வேணி விசும்பலை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"'எனக்கும் ஒரு கூட்டாளி இருக்கான்மா, பேருதான் தெரியாது'ம்பாரு அப்பா. அது நீங்கதானா?"