நூறு கிலோ முன்னூறு கிராம்

"மூச்சை நல்லா வெளிய விடுங்க. அதுவும் எடைதானே!"

கிரேன்காரர் ஊதிப் பார்த்தார். எடை மெஷின் மசியவில்லை. நூறு கிலோ, முன்னூறு கிராம்.

"எப்படிங்க?" என்று தலையில் கை வைத்தாள் மனைவி. "நேத்து ராத்திரி வெறும் வெள்ளரிக்காய், நாப்பது கலோரி. இன்னிக்கு மஞ்சக்கரு எடுத்த முட்டை ரெண்டு, முப்பத்தி நாலு. இதுக்கே ஒரு உடம்பு ஏறுமா?"

"என் உடம்பு வாகு அப்படி."

"வாகு இல்லைங்க, வாய்!"

அவள் தையல்காரி. கால் அங்குலம் பிசகினாலும் பிரித்துத் தைக்கிறவள். அந்தக் கறாரை ஒன்பது வாரமாக அவர் தட்டில் காட்டிக்கொண்டிருந்தாள். ரொட்டியை எடை போட்டாள், எண்ணெயைச் சொட்டு எண்ணி விட்டாள், அவர் விரல் நக்கியதைக்கூட விடாமல் போனில் கலோரிக் கணக்கில் ஏற்றினாள்.

சும்மா இல்லை. இன்று மூன்று மணிக்குக் கம்பெனியில் எடை பார்க்கிறார்கள். கிரேன் ஏணியில் ஏறுகிறவர் மாட்டிக்கொள்ளும் பெல்ட் நூறு கிலோதான் தாங்கும். அதற்கு மேல் போனால் கிரேன் கிடையாது. கீழே கிடங்கில் உட்கார்ந்து சிமென்ட் மூட்டைக்குக் காவல் காக்க வேண்டியதுதான்.

சமையலறை ஜன்னலில் தெரியும் கிரேனைக் காட்டி, "அதோ, அந்தக் கூண்டுல எங்க வீட்டுக்காரர்" என்று தெரு முழுக்கப் பெருமையடித்தவள் அவள். இனி மூட்டையையா காட்டுவாள்?

"முன்னூறு கிராம்தானே, வேர்வையிலேயே போயிடும். மூணு மணி வரைக்கும் வாயை மட்டும் கட்டுங்க."

அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மதியம் துவைக்க எடுத்த அவருடைய கால்சட்டை அவளிடம் மாட்டிக்கொண்டது. எப்படியும் இளைத்துவிடுவார் என்று நம்பிப் போன மாதம்தான் இடுப்பை ஒரு அங்குலம் பிடித்துத் தைத்திருந்தாள். இப்போது தையல் பிய்ந்து தொங்கியது. பாக்கெட்டில் கையை விட்டால் கேக் சுற்றிய காகிதம். ஒன்றல்ல, ஆறு!

அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

வேலை நடக்கும் இடத்துக்கு எதிரிலேயே பேக்கரி. மூலை மேஜையில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த அகலமான சட்டை. அவளே தைத்தது.

"தம்பி, அவர் தினம் வருவாரா?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

"அண்ணனா? தவறாம வருவாருக்கா. ஆறு க்ரீம் கேக். இன்னிக்கு என்னவோ எட்டு கேட்டாரு."

அவள் போய் மேஜையில் ஓங்கித் தட்டினாள். தட்டு குதித்தது. அவரும்தான்.

"ஒன்பது வாரம்! விரல்ல ஒட்டின சர்க்கரையைக்கூட எழுதி வச்சேன். நீங்க இங்க உட்கார்ந்து முழுங்கிட்டிருக்கீங்க. கூண்டே கையை விட்டுப் போகப்போகுது, இந்த நாக்கை அடக்க முடியலையா? அப்படி என்ன ருசி?"

மீசையெல்லாம் க்ரீமோடு நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"ருசியா? இதைப் பார்த்தாலே குமட்டுது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் காத்துல கூண்டு ஆடுச்சு பாரு, அதுலேர்ந்து ஏணியில கால் வச்சாலே உதறுது. பயமா இருக்குன்னு சொன்னா இருபது வருஷ மானம் சிரிப்பா சிரிச்சிடும். குண்டாயிட்டான்னு கீழ இறக்கினா யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. நீ குறைக்கக் குறைக்க, நான் ஏத்திக்கிட்டே இருந்தேன்."

அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தெருவுக்கே கைநீட்டிக் காட்டிய அந்தக் கூண்டில் இந்த மனுஷன் தன்னந்தனியாக நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இவள் கீழே முட்டையில் மஞ்சள் கருவைப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இப்போ எவ்வளவு இருப்பீங்க?"

"தெரியலை. காலையிலேர்ந்து வேர்த்துக் கொட்டிடுச்சு. நூறுக்குக் கீழ வந்துடுவேனோன்னுதான் பயமா இருக்கு."

மணி இரண்டே முக்கால். அவள் கேக் தட்டை இழுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டுக் கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் குடுங்க." மூடியைத் திருகி அவர் கையில் திணித்தாள். "மடமடன்னு குடிச்சிட்டு நேராப் போய் மெஷின்ல நில்லுங்க. முழுசா ஒரு கிலோ ஏறும், கலோரி பூஜ்யம்."