கத்தாத கீல்

மூன்றாம் மாடியில் ஒரு பிளாஸ்டிக் ஜன்னல். இரட்டைக் கண்ணாடி போட்டது என்பதால் அதன் கதவு செம கனம். மேலே ஒரு கீல், கீழே ஒரு கீல், இரண்டும்தான் அதைத் தாங்கின.

கொஞ்ச நாளாகக் கதவு சரிந்து உரசியது. கீழ்க் கீல் கீச் கீச்சென்று கத்தியது.

"உனக்குக் கீல்வாதம்டா," என்று மேல் கீல் கிண்டலடித்தது. "என்கிட்ட ஒரு சத்தம் வருதா பார்."

"நீ தொங்குறதாலதான் எல்லாக் கனமும் என் தலையில விழுது, அண்ணே!"

"வாயை மூடு."

மெக்கானிக் வந்தார். கத்தியதை மட்டும் மாற்றினால் போதும் என்று கீழ்க் கீலில் கை வைத்தார்.

மேல் கீல் தப்பித்துவிட்டது. ஆனால் தான் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது அதற்குத் தெரியும். ஒரு பெருங்காற்று அடித்தால் கதவு தெருவில் விழும். கீழே பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கும் இடம்.

மேல் கீல் தான் பிடித்திருந்த ஒரு ஸ்குரூவை விட்டது. அது மெக்கானிக்கின் மண்டையில் டொக்கென்று விழுந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அட, கோளாறே மேலதான் இருக்கு!"

இரண்டையும் கழற்றிவிட்டுப் புதுசு போட்டார். பழசு இரண்டும் ஒரே டப்பாவில் விழுந்தன.

"பேசாம இருந்திருந்தா நீ தப்பிச்சிருப்பியே, அண்ணே."

"ஒன்பது வருஷம் தூக்கினேன்டா. தேய்ஞ்சுட்டான்னு சொல்லட்டும், சந்தோஷம். கதவைக் கீழ போட்டுட்டான்னு எவனும் சொல்லக் கூடாது."