துர்சினா சிவப்பும் கர்யோ ஊதாவும்

செப்டம்பர் 14, சனி. பிரெபெஸ்.

இன்றைய தவறு: ரகப் பதிவுக்கான மரபணுச் சோதனையின் முடிவை, வெங்காய விவசாயிகள் இருவரும் தேநீர் குடித்து முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

"ஒரே ரகமா?" இபு துர்சினா கோப்பையைக் கீழே வைத்தார். "என் சின்ன வெங்காயமும் இந்த ஆளோடதும்?"

"ஆய்வகத்துல அப்படித்தான் சொல்றாங்க, இபு. துளி வித்தியாசம் இல்லையாம்."

"போன மாசம் நீதானேம்மா ரெண்டும் வேறன்னு எழுதிட்டுப் போனே?"

எழுதினேன். மாலை வகுப்பில் படித்த முறைப்படி நிறம், நீளம், கழுத்துப் பருமன் என்று இருபத்திரண்டு பண்புகளை அளந்து, இரண்டு தனி ரகங்கள் என்று அடிக்கோடும் போட்டேன். நான் அளந்தது இரண்டு வயல்களின் மண்ணைத்தான் போலிருக்கிறது.

"என் பேரு போட்டு சாக்கு அச்சடிச்சாச்சு. தனி ரகம்னு பதிவானாத்தானே விதைன்னு விக்க முடியும்? இல்லேன்னா எல்லாம் சம்பல் அரைக்கத்தான்."

அடுத்த வயல்காரர் பாக் கர்யோ சிரித்தார். "ஒரே ரகம்னா என்ன அர்த்தம்? என் வெங்காயம் வாய்க்கால்ல நீந்தி இபு வயலுக்குப் போயிருக்கு."

"உம்ம வெங்காயத்தை எலிகூட மோந்து பார்த்துட்டு என் பக்கம்தான் வருது."

இருவரும் எழுந்துவிட்டார்கள். நான் அவசரமாகக் குறுக்கே புகுந்தேன்.

"முதல் விதை யார்கிட்ட வாங்கினீங்க? ரெண்டு பேருமே சொல்லலையே?"

உட்கார்ந்துவிட்டார்கள்.

"அது பழைய கதைம்மா," என்றார் கர்யோ.

"முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது," என்றார் துர்சினா. முதல் முறையாக இருவரும் ஒரே கட்சி.

"அது தெரியாம யாரு பேர்லயும் பதிவு பண்ண முடியாது, இபு."

துர்சினா பெருமூச்சு விட்டார். "ஆறு வருஷம் ஆச்சு. 'இது அபூர்வ சிவப்பு. இந்த ஊர்லயே உங்களுக்கு மட்டும்தான் தர்றேன்'னார்."

கர்யோ நிமிர்ந்தார். "எனக்கு அபூர்வ ஊதான்னார். எனக்கு மட்டும்தான்னார்."

"யாரு?" பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"உங்கப்பாதாம்மா."

நாளைய வேலை: காலை ஆறு மணிக்கு, அப்பாவின் விதைக் கடையில் பெயர் எழுதித் தொங்கும் ஒன்பது வெங்காய ரகங்களிலும் மாதிரி எடுக்க வேண்டும்.