ஞாயிற்றுக்கிழமை வாக்கியம்

“பவுனம்மாள், எழுந்திருங்க. ஃபியூச்சர் டென்ஸ்ல ஒரு வாக்கியம் சொல்லுங்க. சொந்தமா.”

பவுனம்மாள் எழுந்தாள். ஐம்பது தாண்டிய உடம்பு. பெஞ்சை விட்டு எழவே கொஞ்ச நேரம் பிடித்தது.

“ஐ ஆம் கோயிங் டு விசிட் மை மதர் ஆன் சண்டே.”

வகுப்பில் சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்பது, போன வாரம் வாத்தியார் கனகலிங்கம் கரும்பலகையில் எழுதிப்போட்ட வாக்கியம். ஓர் எழுத்துகூட மாறாமல் ஒப்பித்திருந்தாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் நடந்தது அந்த வகுப்பு. வேலைக்குப் போய்வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை மாலைகளில் வந்து இங்கிலீஷ் படித்தார்கள். கனகலிங்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ் சுத்தம், நாக்குதான் கொஞ்சம் நீளம்.

வில், ஷால், கோயிங் டு என்று எதிர்காலத்தைச் சொல்ல எத்தனை வழி உண்டோ, அத்தனைக்கும் அவர் அம்மாவைத்தான் உதாரணம் காட்டுவார். நாளைக்கு அம்மாவுக்குப் புடவை வாங்குவேன். தீபாவளிக்கு அம்மாவை வீட்டுக்கு அழைத்துவரப் போகிறேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று முன்பெஞ்சு லூசிக்கு அவர்மேல் தனி மரியாதை.

“லூசி, நீ சொல்லு.”

ஷா ஆலம் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் லூசி, அடுத்த வருஷம் பினாங்குப் பாலத்தைத் திறக்கப் போகிறார்கள் என்று இங்கிலீஷில் அழகாகச் சொன்னாள்.

“பாத்தீங்களா, அது சொந்த வாக்கியம். பவுனம்மாள், உங்கம்மா எங்க இருக்காங்க?”

“எங்கம்மா செத்து ரொம்ப வருஷமாச்சு சார்.”

“அப்புறம் எந்த சண்டேம்மா போய்ப் பாக்கப் போறீங்க?”

மறுபடியும் சிரிப்பு. பவுனம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஃபியூச்சர் இன்னியோட முடிஞ்சுது. அடுத்த வாரம் பாஸ்ட் டென்ஸ். சொந்தமா ஒரு வாக்கியம் சொல்லத் தெரியாதவங்க இங்க வரவேண்டாம். திங்கட்கிழமை ஏபிசி வகுப்புக்குப் போங்க.”

“சார்,” என்றாள் பவுனம்மாள். “ஃபியூச்சரையே இன்னும் கொஞ்ச நாள் நடத்துங்க சார்.”

“ஆன்டிக்கு ஃபியூச்சர் மேல ரொம்ப ஆசைலா,” என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, கனகலிங்கமும் சேர்ந்து சிரித்தார்.

வகுப்பு கலைந்தது. எல்லாரும் படியிறங்கிப் போன பிறகும் பவுனம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

“பஸ் போயிடும் பவுனம்மாள்.”

“போகட்டும் சார். என்னைத் திங்கட்கிழமை வகுப்புக்கு அனுப்பாதீங்க. அங்க வேற சார்தானே பாடம் எடுக்குறாரு?”

“எந்த சாரா இருந்தா என்ன? கிளிப்பிள்ளை மாதிரி நான் சொன்னதையே திருப்பிச் சொல்றீங்க. ஒரு வார்த்தைய மாத்திச் சொன்னா நாக்கு சுளுக்கிக்குமா?”

“மாத்தக்கூடாது சார்.”

“யார் சொன்னது?”

கொஞ்சம் தயங்கினாள்.

“பூரணம் அம்மா.”

கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த கனகலிங்கத்தின் கை நின்றது.

“கிள்ளான்ல முதியோர் இல்லத்துல ஆயா வேலை பாக்குறேன் சார். மருந்து பாட்டில்ல எழுதியிருக்கிறதைப் படிக்கணும்னுதான் இங்க சேர்ந்தேன். வந்த அன்னிக்கே உங்களை அடையாளம் தெரிஞ்சுபோச்சு. அம்மா கட்டில் பக்கத்துல உங்க படம் இருக்கு.”

கனகலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அம்மாவுக்கு ஆளே அடையாளம் தெரியறதில்லன்னு யாரோ சொன்னாங்க. அதனாலதான் நான் அங்க...”



“யார் சார் அப்படிச் சொன்னது? உங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுத்ததே அவங்கதானாமே. சனிக்கிழமை காலையில நான் உள்ள நுழைஞ்சதும், ‘என் மகன் நேத்து வகுப்புல என்ன சொன்னான்’னு கேப்பாங்க. நீங்க சொன்னதை அப்படியே சொல்லணும். ஒரு வார்த்தை மாறினாலும், ‘இது அவன் இங்கிலீஷ் இல்லையே’ன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. பஸ்ல கிள்ளான் வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டுப் போவேன்.”

பவுனம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க ‘வருவேன்’, ‘பாக்கப் போறேன்’னு சொல்ற வரைக்கும் எனக்குக் கொண்டுபோக ஏதோ இருந்துச்சு. அடுத்த வாரத்துல இருந்து ‘வந்தேன்’, ‘பாத்தேன்’னு நடத்தப் போறீங்க. அதை நான் எந்த முகத்தோட சார் அவங்ககிட்ட போய்ச் சொல்றது?”

கீழே கடைக்காரர் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. கனகலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார்.

“அதெல்லாம் பாடத்துக்காகச் சொன்ன வாக்கியம் பவுனம்மாள். அம்மா அதை நிஜம்னு நம்பிக்கிட்டு...”

“ஐயோ, நான் ஏமாத்தல சார். பாடத்துக்குச் சொன்னதுதான்மான்னு முதல் நாளே சொல்லிட்டேன். ‘எனக்குத் தெரியும், நீ சொல்லு’ன்னாங்க.”

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

“ஆனா சண்டே காலையில மட்டும், பெட்டியில இருக்கிற நல்ல புடவையை எடுத்துக் கட்டிவிடச் சொல்றாங்க சார்.”