என்ஜினுக்குத் தண்ணீர்

மூன்றாவது முறையும் படகின் என்ஜின் கத்தியது. சூடு ஏறினால் எழுப்பும் எச்சரிக்கைச் சத்தம். அற்புதராஜ் சாவியைத் திருப்பி அணைத்தான்.

ஓடும்போது, சூட்டைத் தணிக்கும் தண்ணீர் என்ஜினின் பக்கவாட்டுத் துளையிலிருந்து நூல்போலப் பீய்ச்சியடிக்க வேண்டும். ஒரு சொட்டுகூட வரவில்லை.

ஓசூரில் ஜெனரேட்டர், பம்புசெட் பழுது பார்ப்பவன் அவன். தீயணைப்பு நிலையத்தின் படகு என்ஜினும் அவனிடம்தான் வரும். மதியம் போன் வந்ததும் பைக்கில் கிளம்பி அணைக்கு வந்துவிட்டான்.

தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் ஆகாயத்தாமரை வேரும் பாலித்தீன் கவரும் சுற்றியிருந்தன. அணை முழுக்க மிதக்கும் கழிவுநீர் நுரையின் கருப்புக் கசடு வேறு. எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டான். துளைக்குள் கம்பி விட்டுக் குத்தினான். அப்படியும் வரவில்லை.

கடைசியில் என்ஜினைக் கரைப் படிக்கட்டில் வைத்து அடிப்பாகத்தைக் கழற்றினான். உள்ளே தண்ணீர் தள்ளும் ரப்பர் சக்கரம் இதழ் இதழாகக் கிழிந்திருந்தது.

"புதுசு பெங்களூர்லேருந்து வரணும் சார். நாளைக்கு மத்தியானம் ஆயிடும்."

நிலைய அலுவலர் அன்புமணி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில்தான் இந்தப் படகோடு அவரை இங்கே அனுப்பியிருந்தார்கள். விடிந்தால் படகோடு வேறு ஊர் போக வேண்டும்.

அவர்கள் தேடுவது, நைட் ஷிஃப்ட் முடிந்து நண்பர்களோடு குளிக்க இறங்கிய ஒரு பையனை. அஜித்குமார், இருபத்திரண்டு வயது. மூன்று நாள் ஆகியும் உடல் மேலே வரவில்லை. ஆகாயத்தாமரை அடியில் பிடித்து வைத்திருக்கும் என்றார்கள்.

"வெளியிலேருந்து தண்ணி தள்ளினா மெதுவா ஓட்டலாம் சார். தோட்டத்துல மருந்தடிக்கிற கைப்பம்பு கெடைக்குமா?"

படிக்கட்டில் நின்றிருந்தவர்களில் ஒருவர் கிளம்பிப் போனார். கால் மணி நேரத்தில் பம்பைத் தோளில் சுமந்தபடி திரும்பி வந்தார். மாமரத்துக்கு மருந்தடிக்கிற, நெம்பி அடிக்கும் பம்பு. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டையெல்லாம் வியர்வை.

அற்புதராஜ் அடிப்பாகத்தைத் திரும்ப மாட்டி, தண்ணீர் உறிஞ்சும் கீழ்வழியை அடைத்து, பம்பின் குழாயை என்ஜினில் பொருத்தினான். பம்பின் உறிஞ்சும் குழாய் வாயில் துணி கட்டி, நுரைக்கு அடியில் ஆழமாக இறக்கினான். அந்த ஆள் நெம்பினார். துளையிலிருந்து தண்ணீர் வந்தது.

"யாராவது விடாம அடிச்சிட்டே இருக்கணும்" என்றான்.

"நான் அடிக்கிறேனுங்க."

அன்புமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பையனுக்குச் சொந்தமா? சொந்தக்காரங்கள ஏத்தமாட்டோம். போன மாசம் ஒரு அம்மா படகுலேருந்து குதிச்சிருச்சு."

"இல்லீங்க சார். பக்கத்துத் தோட்டத்துல வேலை. பேரு ராமப்பன்."

அன்புமணி ஏறச் சொன்னார்.

தூரத்தில், மதகுப் பக்கம் மாமரத்தடியில் பையனின் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். படகு நகர்ந்ததும் ஒருத்தி எழுந்து நின்றாள்.

தீயணைப்பு வீரர் சந்தோஷ் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் விட்டு இழுத்து வந்தார். கொக்கிகளில் வேர் வந்தது. ஒரு சாக்கு வந்தது. மறுபடி வேர்.

ராமப்பன் நெம்பிக்கொண்டே இருந்தார். அற்புதராஜ் அடிக்கடி என்ஜினைத் தொட்டுப் பார்த்தான். கை தாங்கும் சூடுதான்.

"கை வலிச்சா குடுங்கண்ணா."

"வலிக்கலீங்க."

உள்ளங்கைத் தோல் உரிந்து கைப்பிடியில் ஈரம் தெரிந்தது. மருந்தடித்துப் பழகிய கைதானே, தாங்கும் என்று அற்புதராஜ் நினைத்துக்கொண்டான்.

வெயில் இறங்கும் நேரத்தில் சந்தோஷின் கயிறு இறுகியது.

"அண்ணா, என்ஜின நிறுத்துங்க."

என்ஜின் நின்றது. மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள். நுரையை விலக்கிக்கொண்டு முதலில் ஒரு முதுகு வந்தது. கம்பெனியின் நீலநிற டீ-சர்ட். படகில் ஏற்றிக் கிடத்தியதும் சந்தோஷ் தார்ப்பாயை இழுத்து முகத்தை மூடினார்.

அன்புமணி கரைக்குப் போன் செய்தார். "கெடச்சிருச்சு. பையனோட அப்பாவ வரச்சொல்லுங்க, அடையாளம் காட்டணும்."

அந்தப் பக்கம் பேசியது படகில் எல்லோருக்கும் கேட்டது.

"அவரத்தான் சார் மத்தியானத்திலேருந்து காணோம். தேடிட்டு இருக்கோம்."

ராமப்பன் இன்னும் கைப்பிடியை விடவில்லை.

"எங்கயும் தேட வேணான்னு சொல்லுங்க சார்" என்றார். "எம் பையன்தாங்க. பொய் சொல்லித்தான் ஏறுனேன். உங்கள மாட்டி உடணும்னு இல்லீங்க."

அன்புமணி போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"சந்தோஷ், பம்ப நீ வாங்கு" என்றார்.

"வேணாங்க. கரை வரைக்கும் நானே அடிக்கிறேன்."

அற்புதராஜ் என்ஜினைக் கிளப்பினான். ராமப்பன் தார்ப்பாய் இருந்த பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து நெம்பத் தொடங்கினார்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் வலது கையால் மட்டும் அடித்துப் பார்த்தார். துளையிலிருந்து வந்த தண்ணீர் மெலிந்தது. அவர் நிமிர்ந்து அற்புதராஜைப் பார்த்தார்.

அற்புதராஜ் வேகத்தைக் குறைத்தான். ஒரு கை அடிக்கிற தண்ணீரே போதும் என்கிற அளவுக்கு, மெதுவாக.

ராமப்பன் இடது கையைத் தார்ப்பாய்க்கு வெளியே தெரிந்த காலின் மேல் வைத்துக்கொண்டார்.