இன்று அனுமதி இல்லை

"அப்படிங்களா? பராமரிப்பு வேலையா? நாள் பூராவுமா? சரிங்க, பரவாயில்லை." போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவன் அக்காவின் பக்கம் திரும்பினான். "இன்னைக்கு அரண்மனையை மூடிட்டாங்களாம்க்கா."

தொப்பியும் கையுமாகக் கிளம்பி நின்றவளின் முகம் ஒரு நொடி சுருங்கியது. "அதனாலென்னடா? ஆயிரம் வருஷமா அங்கேயே கிடக்குது, நாளைக்கு எழுந்து ஓடிடவா போகுது?" என்று உடனே சிரித்தாள். கடற்கரை விடுதியின் ஜன்னல் கண்ணாடி அதிரும் சிரிப்பு.

போனின் மறுமுனையில் யாருமே இருக்கவில்லை.

அவன் வேலை பார்க்கும் வங்கியின் மேனேஜரும் குடும்பத்தோடு அதே ஊருக்கு வந்திருந்தார். "பத்து மணிக்கு அரண்மனைக்கு வந்துடுங்க, சேர்ந்தே சுத்திப் பார்க்கலாம்" என்று காலையில்தான் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

முந்தின நாள் சாப்பாட்டுக் கூடத்தில் அக்கா பக்கத்து மேஜைக்காரர்களிடம், "இவன் பத்து வயசு வரைக்கும் என் பழைய பாவாடையில தைச்ச டவுசரைத்தான் போட்டான்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். அதையே மேனேஜரிடமும் சொல்லிவிட்டால்?

டவுசரைத் தைத்தவள் மட்டுமில்லை, தையல் மெஷினை மிதித்து மிதித்தே அவனைப் படிக்க வைத்தவளும் அவள்தான். இந்த அரண்மனைப் படம் போட்ட காலண்டர் தாள் ஒன்று பன்னிரண்டு வருஷமாக அவளுடைய தையல் கடைச் சுவரில் ஒட்டிக் கிடந்தது.

"மேனேஜரை அவர் விடுதியில பார்த்துட்டு மதியத்துக்குள்ள வந்துடறோம்க்கா" என்று மனைவியோடு டாக்சியில் ஏறினான்.

"அண்ணிக்காகத்தானே இந்த ஊருக்கே வந்தோம்?" என்றாள் மனைவி. அவன் டிரைவரிடம், "அரண்மனைக்குப் போங்க" என்றான்.

கூரை போன அரண்மனையில் உடைந்த தூண்கள் கடலைப் பார்த்து நின்றன. மேனேஜர் ஒவ்வொன்றின் முன்னும் நின்று படம் எடுத்துக்கொண்டார். அவனும் சளைக்காமல் தலையாட்டிக்கொண்டே பின்னால் நடந்தான்.

"சார், இப்படி வாங்க, இங்கேருந்து கடல் நல்லாத் தெரியும்" என்று அவன் குரல் கொடுத்த நேரம், ஒரு பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்குத் திக்கென்றது. சிரிப்பு பாதியில் நின்றுபோனது. குற்றமுள்ள நெஞ்சு, யார் சிரித்தாலும் அக்காவாகத்தான் கேட்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

"அக்காவைக் கூட்டிட்டுப் போகணும்னுதானே லீவே கேட்டீங்க? எங்கே அவங்க?" என்று கேட்டார் மேனேஜர்.

"அவங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது சார். வெறும் கல்லுல என்ன இருக்கும்பாங்க. நாலு பேர் நடுவுல எப்படிப் பேசறதுன்னும் தெரியாது."

சொல்லி முடித்ததும் நாக்குக் கூசியது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு தூரமாகப் போய் நின்றாள். அதற்கப்புறம் மேனேஜர் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

மதியம் விடுதிக்குத் திரும்பினார்கள். அக்கா பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். "வெயில்ல முகமெல்லாம் கறுத்துப்போச்சேடா" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அதை வாங்கும்போது அவனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். வந்தது இன்னொரு பொய்.

"நாளைக்குத் திறந்துடுவாங்களாம்க்கா. முதல் ஆளா உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த அரண்மனை..."

அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மூடித்தான்மா இருந்துச்சு. நானும் போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."